பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஒரு ராகிச் செடி முளைக்கக்கூட இடமில்லை. ஆனாலும் இங்கே நிலத்தைப் பற்றிய பேச்சுக்குக் குறைவே கிடையாது. கண்டோன்மென்ட் காலத்தில் வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. தாத்தா பெயரில் ஊரில் ஒரு துண்டு நிலம் இன்னும் கிடக்கும். பேரப் பிள்ளைகளுக்கு இப்போது அதன்மேல் ஆசை வந்திருக்கிறது. வேறு சிலர் ஆனேக்கல், மாலூர், தளி என்று குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர், சனி ஞாயிறு கலப்பை. நான் மண் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லிவிட, கையில் ஒரு கறுப்புப் பொடிப் பாக்கெட்டோடு என் வீட்டுப் படியேறுகிறார்கள். “அங்கிள், இதைப் போட்டா யூரியாவே வேணாமாம், நிஜமா?”

நிஜம் கொஞ்சம், விளம்பரம் மிச்சம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க இந்த வயதில் தொண்டை ஒத்துழைப்பதில்லை. அதனால் எழுதியே வைக்கிறேன். ராகியை மனதில் வைத்துச் சொல்கிறேன். நெல், சோளம், மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. முதலில் பாக்கெட்டின் மேல் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ரைசோபியம் என்று இருந்தால் அது ராகிக்கு ஆகாது. துவரை, அவரை, நிலக்கடலை போன்ற பயறு வகைகளின் வேரில் முடிச்சு போட்டு, அதற்குள் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றித் தருவது ரைசோபியம். இந்த முடிச்சுகளின் வேலையை 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிரூபித்தார்கள். 1888இல் பைஜரிங்க் என்ற டச்சுக்காரர் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். ராகி, நெல், கோதுமை இவற்றின் வேரில் அந்த முடிச்சு கிடையாது. தானியப் பயிருக்கென்று நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது அசோஸ்பைரில்லம். தமிழ்நாட்டுப் பக்கம் அதோடு பாஸ்போபாக்டீரியாவைச் சேர்த்து அசோபாஸ் என்றும் கிடைக்கும், அதுவும் சரி. அசோட்டோபாக்டர் என்று கொடுத்தால் உங்கள் மண் பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள். அதற்குப் புளிப்பு மண் பிடிக்காது. பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண்ணில் கார அமில நிலை 6க்குக் கீழே இருப்பது சர்வசாதாரணம். சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யாமல் அங்கே அசோட்டோபாக்டரைப் போடுவது வீண்.

2. இந்தப் பாக்டீரியாக்கள் செய்யும் வேலை எவ்வளவு கடினம் என்று தெரிந்துகொண்டால் எதிர்பார்ப்பு தானாக அளவுக்கு வந்துவிடும். நம் தலைக்கு மேல் உள்ள காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. எந்தப் பயிராலும் அதைப் பிரிக்க முடியாது. தொழிற்சாலையில் அதைப் பிரிக்க 400 டிகிரிக்கு மேல் சூடும், காற்று மண்டலத்தைப் போல் நூறு மடங்குக்கு மேலான அழுத்தமும் வேண்டும். ஹேபரும் பாஷும் கண்டுபிடித்த அந்த வழியில்தான் இன்றைக்கும் யூரியாவுக்கான அமோனியா தயாராகிறது. அதே வேலையைப் பாக்டீரியா சாதாரணச் சூட்டில், நைட்ரஜனேஸ் என்ற நொதியை வைத்துச் செய்கிறது. ஆனால் இலவசமாக இல்லை. ஒரு மூலக்கூறு நைட்ரஜனை உடைக்க அதற்கு 16 ஏ.டி.பி. செலவாகிறது. ஏ.டி.பி. என்பது உயிரணுவின் சக்திக் காசு. அந்தக் காசுக்கு மூலதனம் சர்க்கரை.

பயறுச் செடி தன் முடிச்சுக்குள் சர்க்கரையை நேராக ஊட்டுகிறது. பதிலுக்குத் தழைச்சத்தை நேராக வாங்கிக்கொள்கிறது. ராகி அப்படி ஊட்டுவதில்லை. வேரிலிருந்து தானாகக் கசிவதை மட்டும் தின்று அசோஸ்பைரில்லம் வேரின் மேலேயும் ஓரத்துச் செல்களுக்கு இடையிலும் பிழைக்கிறது. வரும்படி குறைவு, அதனால் வேலையும் குறைவு. பயறு முடிச்சைப் பார்த்துவிட்டு ராகி வேரிலும் அதே விளைச்சலை எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

3. பொடியை வயலில் தூவினால் பெருகிவிடும் என்று நினைக்காதீர்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போல என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். உறை ஊற்றுவதற்கு முன் நாம் பாலைக் காய்ச்சுகிறோம்; மண்ணை யாரும் காய்ச்சுவதில்லை. ஒரு கிராம் மேல்மண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. புதிதாகப் போகும் கூட்டம் பட்டினியிலும் போட்டியிலும் பெருமளவு செத்துப்போகும்.

அதனால்தான் விதையிலோ நாற்றின் வேரிலோ ஒட்ட வைத்து அனுப்பச் சொல்கிறோம். முளை வெளியே வரும்போது முதலில் அங்கே நிற்பது நம் ஆளாக இருக்க வேண்டும். சட்டப்படி ஒரு கிராம் பொடியில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். 200 கிராம் பாக்கெட்டில் அது 1,000 கோடி. ஒரு ஏக்கருக்கு விதைக்கும் நாலு கிலோ ராகியில் சுமார் 13 லட்சம் விதைகள் இருக்கும். ஆக ஒரு விதைக்கு ஏழாயிரம் எட்டாயிரம். பெரிய படை மாதிரித் தெரியும். பாக்கெட் வெயிலில் ஒரு வாரம் கிடந்திருந்தால் அதில் எத்தனை மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

4. அசோஸ்பைரில்லம் என்ற பிராணியின் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. அவசரக்காரர்கள் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

ஆய்வுக்கூடத்தில் இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கஞ்சிப் பதத்தில் கொஞ்சமே அகார் சேர்த்த ஊடகம், அதில் மாலிக் அமிலம், ஒரு சொட்டு நிறங்காட்டி. நைட்ரஜன் உப்பு எதுவும் சேர்க்கக் கூடாது. அதில் ஒரு துண்டு கழுவிய வேரைப் போட்டு வைத்தால், சில நாளில் பச்சை மஞ்சளாக இருந்த ஊடகம் நீலமாகும். மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் கீழே வெள்ளையாக ஒரு மெல்லிய திரை தொங்கும். மேலே காற்று படும் இடத்தில் அது நிற்காது, அடியிலும் நிற்காது. மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆனால் நைட்ரஜனேஸுக்கு ஆக்சிஜன் விஷம். அதனால் தனக்குத் தோதான ஆழத்தை நீந்திப் போய்த் தேடிக்கொள்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் திரையைக் காட்டுவது எனக்கு எப்போதும் பிடித்த வேலை.

இந்த வழியை உலகத்துக்குக் கொடுத்தவர் ஜோஹானா டோபரெய்னர். இன்றைய செக் நாட்டுப் பகுதியில் 1924இல் பிறந்து, போருக்குப் பின் பிரேசிலுக்குக் குடியேறி, ரியோவுக்குப் பக்கத்தில் இருந்த அரசு ஆய்வு நிலையத்தில் ஆயுள் முழுக்க உழைத்தவர். பைஜரிங்க் 1925இல் பெயரிட்டு வைத்துப் பிறகு எல்லாரும் மறந்துபோன பாக்டீரியாவை 1970களில் புல் வேர்களில் மறுபடி கண்டு காட்டினார். அசோஸ்பைரில்லம் என்ற பேரினப் பெயர் 1978இல்தான் வந்தது. அதற்குப் பின்தான் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பாக்கெட்டுகளும், நம் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள், ஜி.கே.வி.கே. வளாக ஆராய்ச்சிகளும் வேகம் பிடித்தன.

5. எவ்வளவு மிச்சமாகும்? பரிந்துரை என்னவென்றால், அசோஸ்பைரில்லம் போட்டால் தழைச்சத்தில் கால் பங்கைக் குறைக்கலாம். அவ்வளவுதான். இதை ரூபாயாக்கிப் பாருங்கள். மானாவாரி ராகிக்கு இங்கே ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. ஏக்கருக்கு 20 கிலோ. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது ஏறக்குறைய அதே 20 கிலோ. ஏக்கருக்கு ஒரு மூட்டை என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அதில் கால் பங்கு 11 கிலோ யூரியா. மூட்டைக்கு அரசு விலை வரி நீங்கலாக 242 ரூபாய் என்றால் நீங்கள் மிச்சம் பிடிப்பது 60 ரூபாய்.

அறுபது ரூபாய்க்காக இத்தனை பாடா என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். யூரியாவின் உண்மை விலை இதைப்போல் பல மடங்கு. மீதியை மானியமாக நாடு சுமக்கிறது. அது ஒரு காரணம். எனக்குப் பெரிய காரணமாகத் தெரிவது வேறு. அசோஸ்பைரில்லம் வேரோரத்தில் இன்டோல் அசெட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது. அதனால் பக்க வேரும் வேர்த் தூவியும் அதிகமாகக் கிளைக்கின்றன. நைட்ரஜன் பிடித்துத் தருவதைவிட இந்த வேர் வேலைதான் பயிருக்கு அதிகம் உதவுகிறது என்று சொல்லும் விஞ்ஞானிகள் பலர் இருக்கிறார்கள்; நானும் அந்தக் கட்சி. ஆகஸ்டில் மழை இரண்டு வாரம் ஏமாற்றும்போது, வேர் பரவிய ராகி கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். யூரியா மூட்டை அந்த உதவியைச் செய்யாது.

6. எல்லா இடத்திலும் பலிக்குமா? பலிக்காது. இஸ்ரேலின் ஒகோனும் உருகுவேயின் லபாந்தெராவும் இருபது ஆண்டு வயல் சோதனைகளைத் தொகுத்து 1994இல் எழுதினார்கள்: 60 முதல் 70 சதவீதச் சோதனைகளில் விளைச்சல் கூடியது, கூடியது 5 முதல் 30 சதவீதம் வரை. அதாவது பத்து வயலில் மூன்று நான்கில் ஒன்றும் நடக்கவில்லை. இதை மறைத்து விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

7. வாங்கும்போது பார்க்க வேண்டியவை. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், எந்தப் பாக்டீரியா, கிராமுக்கு எத்தனை செல். 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிர் உரங்கள் 2006இல் கொண்டுவரப்பட்டன. மேலே சொன்ன விவரங்கள் அச்சிடப்படாத பாக்கெட் சட்டத்துக்குப் புறம்பானது. லிக்னைட் பொடியில் கலந்தது ஆறு மாதத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. திரவமாக வருவது இன்னும் கூடுதல் நாள் தாங்கும். அதில் மில்லிக்கு 10 கோடி செல் இருக்க வேண்டும். நிலம் கர்நாடகத்தில் இருந்தால் அந்த ஹோப்ளியின் ரைத சம்பர்க்க கேந்திராவில் கேளுங்கள். ஓசூர், தளிப் பக்கம் என்றால் வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். பல்கலைக்கழக விற்பனை மையத்தில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. ஒருமுறை நகரத்துக் கடையொன்றில், வாசலில் வெயில் நேராக அடிக்கும் கண்ணாடி அலமாரியில் உயிர் உரப் பாக்கெட்டுகள் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். கடைக்காரரிடம் சொன்னேன், “சார், பாக்கெட் சீல் பண்ணியிருக்கு, ஒண்ணும் ஆகாது” என்றார். உள்ளே இருந்தது வெறும் கரித்தூளாகி எத்தனை நாளாயிற்றோ.

நீங்களும் அதையே செய்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வாங்கி, கார் டிக்கியில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வயலில் எடுக்கிறீர்கள். மூடிய காருக்குள் என்ன சூடு ஏறும் என்று தெரியுமல்லவா? வீட்டில் நிழலான, குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

8. விதை நேர்த்தி செய்யும் முறை. அரிசிக் கஞ்சி வடித்து நன்றாக ஆற வையுங்கள். விரல் வைத்தால் சூடே தெரியக் கூடாது. ஒரு ஏக்கர் விதைக்கு ஒரு பாக்கெட்டுக்குக் குறையாமல், கஞ்சியில் குழைத்து, விதை மேல் கறுப்பாகப் பூசும்படி கையால் பிசறுங்கள். நிழலில் கோணி விரித்து அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். மொட்டை மாடியில் வெயிலில் காய வைக்கும் பழக்கம் இங்கே எல்லாருக்கும் இருக்கிறது; வற்றலுக்கு அது நல்லது, இதற்குக் கூடாது. வீட்டில் குழாயில் வரும் காவேரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதைக் கலக்கப் பயன்படுத்துவதாக இருந்தால் அகலமான பாத்திரத்தில் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிட்டு எடுங்கள். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

நாற்று விட்டு நடுபவர்கள் பொடியைத் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரைக் கால் மணி நேரமாவது நனைத்து நடலாம். வயலில் போடுவது என்றால் கோயம்புத்தூர் பல்கலைக்கழகம் நெல்லுக்குச் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 10 பாக்கெட், அதாவது 2 கிலோ. 25 கிலோ மக்கிய தொழு உரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து, நடவுக்கு முன் சாயங்காலத்தில் தூவ வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு பாக்கெட் என்றால் அதை விதைக்கே செலவழியுங்கள்.

9. பூஞ்சாணக் கொல்லி பூசிய விதையென்றால் ஒரு நாள் விட்டு, கடைசியாக உயிர் உரத்தைப் பூசுங்கள். இரண்டையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள்.

10. அடியுரமாக மொத்த யூரியாவையும் கொட்டிவிட்டுப் பாக்டீரியாவிடம் வேலை எதிர்பார்க்காதீர்கள். மண்ணில் அமோனியம் தாராளமாக இருந்தால் நைட்ரஜனேஸ் உற்பத்தியையே அது நிறுத்திவிடும். சும்மா கிடைக்கும்போது பதினாறு காசு செலவழித்து யார் சம்பாதிப்பார்கள்? முக்கால் பங்கு யூரியாவைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒன்றை விதைக்கும்போதும் மற்றொன்றை முதல் களைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போதும் போடுங்கள். யூரியாவையே தொடாமல் முதல் வருடமே முழுக்கப் பாக்டீரியாவை நம்பி இறங்குகிறவர்களும் வருகிறார்கள். பயிர் மஞ்சளித்துக் கிடப்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுவார்கள். கொள்கை நல்லதுதான், ராகிக்குச் சோறு வேண்டும் தம்பி.

11. பாக்டீரியாவுக்கும் சோறு வேண்டும். அது சாணத்தில் இருக்கிறது. கன்னடத்தில் கொட்டிகே கொப்பர என்று கேளுங்கள். மாட்டுக் கொட்டிலிலிருந்து வந்து நன்றாக மக்கியிருக்க வேண்டும். நம் ஊரிலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. ஜி.கே.வி.கே. வளாகத்தில் மானாவாரி ராகியில் 1978இல் தொடங்கிய நீண்ட காலச் சோதனை. ஒரே நிலத்தில் சில பாத்திகளுக்கு வெறும் ரசாயன உரம், சிலவற்றுக்குத் தொழு உரம், சிலவற்றுக்கு இரண்டும். வெறும் ரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்திகளில் வருடம் ஏற ஏற விளைச்சல் சரிந்தது. ஹெக்டேருக்கு 10 டன் தொழு உரமும் ரசாயன உரமும் சேர்ந்த பாத்திகள் தாங்கி நின்றன. கோயம்புத்தூரில் 1909 முதல் நடக்கும் நிரந்தர உரச் சோதனையும் இதே ரகம். நவம்பர் வாக்கில் ஜி.கே.வி.கே.யில் கிருஷி மேளா நடக்கும்போது போங்கள். சோதனை வயல்களைப் பற்றி அங்கே இருப்பவர்களிடமே கேட்கலாம். மேளாவில் நெய் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிற கூட்டத்தில் சேராதீர்கள்.

10 டன் என்றால் ஏக்கருக்கு 4 டன். விலை கேட்டால் மயக்கம் வரும், தெரியும். ஒரே வருடத்தில் வேண்டாம். நிலத்தை நாலாகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பங்கு என்று சுற்றி வாருங்கள்.

12. இப்போது சொல்வதுதான் இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் வேண்டியது. தானியத்தின் வேரில் முடிச்சு இல்லை. அதற்கு விஞ்ஞானம் வழி தேடுவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தப் பீடபூமியின் குடியானவர்கள் முடிச்சு போடும் செடியை ராகிக்குப் பக்கத்திலேயே நட்டு வைத்திருக்கிறார்கள். அக்கடி சாலு என்பார்கள். எட்டு வரிசை ராகிக்கு ஒரு வரிசை அவரை. இல்லாவிட்டால் எட்டு வரிசைக்கு இரண்டு வரிசை துவரை. ஓரத்தில் ஆமணக்கு, நடுவே கடுகு, ஹுச்செள்ளு என்கிற பேயெள்ளு. கனகபுராவிலிருந்து ராயக்கோட்டை வரை பழைய ஆட்களைக் கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

ராகி நவம்பரில் அறுவடையாகிப் போன பின்னும் அவரை வயலில் நிற்கும். பனிக்காலத்தில் பூத்துக் காய்த்து, ஜனவரியில் பெங்களூர் அவரேக்காய் மேளாவுக்கு வரும். சொகடு என்று கன்னடத்தில் சொல்கிற அந்த எண்ணெய்ப் பிசுக்கு வாசனை, குளிரில் காய்த்த பழைய ரகத்துக்குத்தான் முழுதாக வரும். வருடம் முழுக்கக் காய்க்கிற ஹெப்பாள் அவரை ரகங்களை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த பிறகு எல்லா மாதமும் காய் கிடைக்கிறது. வசதிதான், வாசனை விஷயத்தில் நான் பழைய ரகத்தின் பக்கம். ராகியோடு சேர்த்து விதைக்கவும் அந்தப் பழையதே தோது. ராகி நிற்கும்வரை அடங்கிக் கிடந்து, பிறகு படரும்.

இதிலும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அவரை பிடிக்கும் தழைச்சத்தில் மிகச் சிறிய பங்குதான் அதே பருவத்தில் பக்கத்து ராகிக்குப் போகும். பெரும்பங்கு இலையாக உதிர்ந்து, வேராக மட்கி, அடுத்த வருடப் பயிருக்கே கிடைக்கும். காயைப் பறித்துவிட்டுக் கொடியையும் வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டால் நிலத்துக்கு மிஞ்சுவது சொற்பம். கொடியை அறுங்கள், வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள். மாட்டுக்குப் போன கொடி சாணமாகத் திரும்பி வர வழி செய்யுங்கள்.

ஒரு சோதனையும் சொல்லித் தருகிறேன். விதைத்து ஒன்றரை மாதத்தில் ஒரு அவரைச் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். இழுக்காதீர்கள், முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவான லெக்ஹீமோகுளோபின். ஆக்சிஜனை அளவாகத் தந்து நைட்ரஜனேஸைக் காப்பது அதன் வேலை. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அங்கே இருப்பது வேலைக்கு ஆகாத ரகம் அல்லது வயதான முடிச்சு. அப்போது அடுத்த முறை அவரை விதைக்கு ரைசோபியம் பூசுங்கள். முதல் எண்ணில் ராகிக்கு வேண்டாம் என்று சொன்ன அதே பாக்கெட்டுக்கு இங்கே வேலை இருக்கிறது.

13. ஜீவாமிர்தம் பற்றிக் கேட்காத ஆளில்லை. 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண். நுண்ணுயிர் பெருகும் கரைசல் அது, சந்தேகமில்லை. ஆனால் அதில் இருக்கும் தழைச்சத்து ஒரு ஏக்கர் ராகிக்குப் போதாது. எத்தனை கிலோ பொருள் உள்ளே போகிறது என்று பார்த்தாலே தெரியும். ஊற்றுங்கள், தப்பில்லை. அதை ஊற்றிய காரணத்துக்காகத் தொழு உரத்தை நிறுத்தாதீர்கள்.

14. இணையத்தில் வரும் அதிசயச் செய்திகளைப் பிள்ளைகள் எனக்கு அனுப்புகிறார்கள். பொய் என்று ஒதுக்க மாட்டேன். பாதியில் நிற்கும் நிஜங்கள் அவை. மெக்சிகோவின் ஒஹாகா மலையில் ஒரு மக்காச்சோள வகை இருக்கிறது. தரைக்கு மேல் தொங்கும் வேர்களிலிருந்து கோந்து மாதிரி வழியும். அந்தக் கோந்தில் பாக்டீரியா குடியிருந்து நைட்ரஜன் பிடிக்கிறது. 2018இல் வந்த ஆய்வுப்படி அந்தப் பயிரின் தழைச்சத்தில் 29 முதல் 82 சதவீதம் காற்றிலிருந்து வந்தது. ஆனால் ஆளைவிட இரண்டு மூன்று மடங்கு உயரம், மாதக்கணக்கில் முற்றும். ஓசூர் மானாவாரியில் அதற்கு என்ன வேலை? அமெரிக்காவில் மரபணு திருத்திய பாக்டீரியாக்கள் மக்காச்சோளத்துக்கு விற்பனையில் இருக்கின்றன. இங்கே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நான் பிள்ளைகளைப் படிக்கச் சொல்வது பிரேசிலைத்தான். டோபரெய்னரின் வழியில் வந்த மரியாஞ்ஜெலா ஹுங்ரியா, அங்கே அசோஸ்பைரில்லத்தின் நல்ல இரண்டு ரகங்களைத் தேர்ந்து மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் கொடுத்தார். சோயாவுக்கு ரைசோபியம் வகைகளைப் பரப்பி யூரியாவே இல்லாமல் விளைய வைத்ததில் அவருடைய பங்கு பெரிது. 2025இல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. கவனியுங்கள்: சோயா ஒரு பயறு வகை என்பதால் அங்கே யூரியாவே வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, தானியங்களுக்கு அவரும் சொன்னது குறைத்துப் போடலாம் என்பதுதான்.

15. கடைசியாக ஒரு வேலை தருகிறேன், இதை யாரும் செய்வதில்லை. பாக்கெட் போட்டேன், ராகி நன்றாக வந்தது என்கிறார்கள். மழை நன்றாகப் பெய்திருந்தால் போடாமலும் நன்றாக வந்திருக்கும். வயலின் நடுவில், ஓரத்தில் அல்ல, நாலு வரிசைக்குப் பூசாத விதையை விதையுங்கள். அந்த விதையை முதலில் விதைத்துவிடுங்கள். பூசிய கையோடு அதைத் தொடாதீர்கள். இரண்டு முனையிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். யூரியா, களை, தண்ணீர் எல்லாம் ஒரே மாதிரி. அறுவடையில் அந்த நாலு வரிசையையும், பக்கத்தில் பூசிய நாலு வரிசையையும் தனித்தனியே அடித்து, தூற்றி, தராசில் வையுங்கள். வைக்கோலையும் எடை போடுங்கள். மூன்று வருடம் இப்படிச் செய்து அந்த எடைகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். வித்தியாசம் இல்லை என்று நோட்டு சொன்னால் உங்கள் மண்ணுக்கு அந்தப் பாக்கெட் வேண்டாம். அந்தக் காசுக்குச் சாணம் வாங்குங்கள்.